குதிரையும் கழுதையும்: மன்னார்க் கரையிற் குடும்ப ஊர்தியின் வரலாறு

மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரையிலே, பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தில், 13 ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்திற் குதிரைகள் பெருந்தொகையாகக் கப்பலிலிருந்து இறங்கின. பாரசீகக் குடாவைச் சேர்ந்த ஓர்முஸ், கிஷ் முதலிய துறைகளிலிருந்து வந்த அப்பரிகளுக்குப் பாண்டிய மன்னர் பொன்னை வாரிக் கொடுத்தனர். அக்காலத்தில் அவ்வழியே சென்ற வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, இவ்வாணிகத்தைப் பற்றி வியப்பான செய்தி ஒன்றைக் கூறியுள்ளார். வாங்கிய குதிரைகளுட் பெரும்பாலானவை ஓராண்டு முடிவதற்குள் மடிந்தன. குதிரை வைத்தியம் அறிந்தவர் அந்நாட்டில் இலர். வணிகர் அத்தகைய வைத்தியரைத் தாமும் அழைத்து வந்திலர், பிறர் அழைத்து வரவும் விட்டிலர். குதிரைகள் மடிந்தாலன்றோ அடுத்த ஆண்டும் வாணிகம் நடக்கும்!

அரபு வணிகரின் கப்பல்களிலே மன்னார்த் தீவுக்குக் கழுதைகளும் வந்தன என்பது அங்கு வழங்கும் செவிவழிச் செய்தி. பொன் கொடுத்து வாங்கிய குதிரை மறைந்தது. எவரும் பெருமையாகப் பேசாத கழுதையோ இன்றும் மன்னார் நகரத் தெருக்களிற் கூட்டங் கூட்டமாகத் திரிகின்றது. கிடைத்ததை மேய்ந்து, வறட்சியைத் தாங்கி, உப்புக் காற்றிலும் அது உயிர் வாழக் கற்றுக்கொண்டது. ஓர் ஊர்தியின் பெருமை வேறு. குறித்த ஒரு மண்ணில் நிலைத்து உழைக்கும் தகைமை வேறு. பிள்ளைகள் பெருகி, சிறிய கார் போதாமற் போய், பழைய ஜீப் வண்டி ஒன்றை விலை பேசப் புறப்படும் குடும்பத்தவர் மனத்திற் கொள்ள வேண்டிய முதற் பாடம் இதுவே. எஸ்.யு.வி. எனப்படும் உயரமான பெருவண்டி எந்த நிறுவனத்தின் பெயரைத் தாங்கி வந்தாலும், இலங்கை மக்கள் வழக்கில் அது ஜீப்தான்.

மோட்டார் வருவதற்கு முன்னர் மன்னார்ப் பெருநிலத்திற் குடும்பம் முழுவதையும் சுமந்தது கூடார மாட்டு வண்டில். ஆவணி மாதத்து மடுத் திருவிழாவுக்கு வடபுலத்தின் பல ஊர்களிலிருந்தும் வண்டில்கள் வரிசையாகக் காட்டு வழியே செல்லும். பாட்டனும் பேரனும், அரிசியும் பானையும், பாயும் தலையணையும் யாவும் ஒரே வண்டிலில் ஏறும். சென்றவர்கள் காட்டிற் கொட்டில் அமைத்துப் பல நாள் தங்குவர். பழைய வண்டிலை விலைக்கு வாங்குவோர் கூடாரத்தின் அழகைப் பார்ப்பதில்லை. சக்கரத்தின் குடத்தில் வெடிப்பு உண்டா, அச்சு வளைந்துளதா, கடையாணி உறுதியானதா என்றே பார்ப்பர். வண்டிலின் கீழே குனிந்து பார்த்து வாங்கும் வழக்கம் அன்றே இருந்தது.

1914 ஆம் ஆண்டிற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கிற்று. சென்னையிற் பெற்ற ஒரே சீட்டுடன் ஒருவர் புகையிரதத்திலும் கப்பலிலும் ஏறிக் கொழும்பு வரை செல்லலாம் என்ற நிலை உண்டாயிற்று. பின்னர் 1930 இல், தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கும் தாம்போதிப் பாலமும் அமைந்தது. ஒஸ்ரின், மொறிஸ் முதலிய ஆங்கில நாட்டுக் கார்கள் தீவின் வெண்மணல் ஓரங்களிலும் ஓடலாயின.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்துக்காகச் செய்யப்பட்ட ஜீப் வண்டியே இன்றைய பெருவண்டிகளின் மூதாதை. அதைக் கண்டு ஆங்கிலேயர் செய்த லாண்ட் றோவர், 1948 இல் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. போருக்குப் பின் உருக்கு அரிதாயிருந்தமையால், அதன் மேற்கூடு அலுமினியக் கலப்புலோகத்தால் ஆக்கப்பட்டது. கடலோர வாழ்வுக்கு இது தற்செயலாய் வாய்த்த நன்மை. அலுமினியத்தில் உருக்கைப் போலக் கறள் ஏறுவதில்லை. ஆயினும் அதன் அடிச்சட்டம் உருக்கே. மேலே பளபளப்பாயிருந்த வண்டியின் அடிச்சட்டம் உட்புறமாகவே உதிர்ந்து கிடக்கும் விந்தையை அவ்வண்டியை வாங்கியோர் பின்னரே கண்டனர்.

1957 ஆம் ஆண்டு ஜனவரியில் இலங்கை மோட்டார் வாகனங்களின் இலக்கத் தகட்டிற் சிங்களச் 'சிறீ' எழுத்துப் புகுந்தது. தமிழரசுக் கட்சி அதனை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தது; 1958 இல் அக்கிளர்ச்சி உச்சம் அடைந்தது. இவ்வாறு ஒரு வண்டியின் தகடு, ஓர் இனத்தின் மனவருத்தத்தையும் சுமந்து ஓடியது. பழைய வண்டி வாங்குவோர்க்கோ அத்தகடு பிறப்புச் சான்றிதழாகவும் பயன்பட்டது. 'சிறீ'க்கு முந்திய ஆங்கில எழுத்தா, 'சிறீ'யா என்று பார்த்தே வண்டியின் வயதை ஊரார் கணித்தனர்.

1960 களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினாற் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. புதிய வண்டி வாராத நாட்டிற் பழைய வண்டி குலச்சொத்தாயிற்று. தந்தை ஓட்டிய காரை மகன் ஓட்டினான். இயந்திரத்தைக் கழற்றி, தேய்ந்த பாகத்தைக் கடைந்து மீண்டும் பூட்டும் கைவினைஞர்கள் வடபகுதிக் கராச்சுகளில் உருவாயினர். காயற் கரையில் இல்லாதிருந்த 'குதிரை வைத்தியர்' இங்கே தோன்றினர் எனலாம்.

1977 இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் யப்பானியப் பழைய வாகனங்கள் வரத் தொடங்கின. யப்பானும் இலங்கையைப் போல வீதியின் இடப்புறமாகச் செல்லும் நாடு. ஆகவே வலப்புறச் சுக்கானுடைய அந்நாட்டு வண்டிகள் மாற்றமின்றி இங்கு ஓடத் தக்கவை. யப்பானியச் சட்டப்படி புதிய கார் மூன்றாம் ஆண்டிலும், அதன்பின் ஈராண்டுக்கு ஒருமுறையும் செலவுமிக்க பரிசோதனைக்கு உட்படவேண்டும். அச்செலவுக்கு அஞ்சி அங்குள்ளோர் விற்கும் வண்டிகள் பிற நாடுகளுக்குக் கப்பலேறுகின்றன. ரொயோட்டா ஹையேஸ் வான், 1982 இல் வெளிவந்த மிற்சுபிசி பஜரோ ஆகியன இவ்வாறே இலங்கையிற் பரவின.

ஆயினும் மன்னார்க் கரையிலே எந்த வசதியும் இடையறாது நீடித்ததில்லை. 1964 டிசம்பர் 22, 23 ஆம் நாட்களில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது, மன்னாரையும் வருத்தியது. அதன்பின் இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பற் சேவையும் 1980 களில் நின்றது. 1990 இற் போர் மீண்டும் மூண்டபோது தாம்போதிப் பாலம் தகர்க்கப்பட்டது, புகையிரதமும் நின்றது. அவ்வாண்டு ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம் மக்கள், வீடும் மாடும் வண்டியும் வலையும் விட்டுப் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். முற்றத்தில் எத்தகைய வாகனம் நின்றது என்பது அன்று எவருக்கும் உதவவில்லை.

அதே காலத்திற் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்கு எரிபொருள் செல்வது தடைப்பட்டது. அப்பொழுதுதான் முதியதென்று ஒதுக்கப்பட்ட ஒஸ்ரினும் மொறிசும் மீண்டும் வீதிக்கு வந்தன. அவற்றின் இயந்திரம் குறைந்த அழுத்தவிகிதம் உடையது. சில துளி பெற்றோலை ஊற்றி முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் அவற்றை ஓட்டினர். அவை கரும்புகை கக்கின, இருமின, எனினும் நோயாளரை வைத்தியசாலைக்குச் சேர்த்தன. புதிய நுட்பம் வாய்ந்த வண்டிகளோ நல்ல பெற்றோல் இன்றி அசையா. அங்கே மீண்டும் குதிரை படுத்தது, கழுதை நடந்தது.

போரின் இறுதி ஆண்டுகளில், பெருநிலத்து மக்களுட் பலர் ஊர் ஊராக இடம்பெயர்ந்து முல்லைத்தீவுத் திசை நோக்கிச் சென்றனர். அவர்களைச் சுமந்தது பெரும்பாலும் உழவு இயந்திரத்தின் பெட்டி. கூடார வண்டிலைப் போலவே பாட்டனும் பேரனும் பானையும் பாயும் அதில் ஏறின. ஆனால் இம்முறை செல்லுமிடம் திருவிழா அன்று. 2009 மே மாதத்திற் போர் முடிந்தபோது, கைவிடப்பட்ட வாகனங்கள் கடற்கரை மணலிற் கறளேறிக் கிடந்தன.

2010 இல் யப்பானின் உதவியோடு புதிய மன்னார்ப் பாலம் திறக்கப்பட்டது. 2015 இல் புகையிரதம் மீண்டும் தலைமன்னாரைத் தொட்டது. வீதிகள் செப்பனிடப்பட, கடனுக்கு வாகனம் வாங்குவோர் தொகையும் பெருகிற்று. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேதான் நீங்கியது. இடையிலே 2022 இல் எரிபொருள் நெருக்கடி வந்தது. அட்டை முறையின்படி அவ்வாண்டு யூலையிற் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளவிடப்பட்டது. லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடும் ஒரு பெருவண்டியைக் கருதுக. அந்த 20 லீற்றரில் அது 160 கிலோமீற்றர் ஓடும். மன்னாரிலிருந்து வவுனியாவுக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர். ஒருமுறை போய் மீண்டால் அவ்வாரத்து எரிபொருள் முடிந்தது!

இவ்வரலாற்றை அறிந்த குடும்பத்தவர் பழைய ஜீப் ஒன்றன் முன் நிற்கும்போது எதனைப் பார்த்தல் வேண்டும்? முதலாவது, வண்டியின் கீழே பார்த்தல் வேண்டும். தலைமன்னார், பேசாலை, வங்காலை முதலிய கரைகளில் நின்ற வண்டியாயின், புதுப் பூச்சு எதையும் மறைக்கும். அடிச்சட்டம், தடுப்புக் குழாய்கள், தரை விரிப்பின் கீழுள்ள தகடு ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில், நம்பிக்கையான திருத்துநர் ஒருவர் தட்டிப் பார்த்தல் வேண்டும். கறள் ஏறிய அடிச்சட்டத்தை எந்த மலிவு விலையும் ஈடு செய்யாது.

இரண்டாவது, ஆசனங்களின் தொகையை நம்பாது, வீட்டார் அனைவரையும் ஏற்றிப் பார்த்தல் வேண்டும். ஏழு பேர்க்குரியதென விற்கப்படும் பல ஜீப்புகளின் பின்வரிசையிற் சிறுவரே அமரலாம். முழங்கால் நோவுடைய பாட்டியார் அங்கு ஏறுதல் இயலாது. அத்தகைய வீட்டுக்கு வான் ஏற்றதாகலாம். மாரிக்காலத்தில் முருங்கன் களிமண் வழியே வயலுக்கும் செல்ல வேண்டியவர்க்கோ உயர்ந்த ஜீப்பே துணை. எங்கே செல்வது என்பதே எதை வாங்குவது என்பதைத் தீர்மானிக்கும்.

மூன்றாவது, அவ்வண்டியைத் திருத்தத் தெரிந்தவர் மன்னாரிலோ வவுனியாவிலோ உளரா, உதிரிப்பாகம் கிடைக்குமா என விசாரித்தல் வேண்டும். மின்கலத்தாலும் ஓடும் கலப்பின வண்டி எரிபொருளை மிச்சம் பிடிக்கும். அதன் மின்கலத் தொகுதி பழுதுற்றால் வரும் செலவையும் முன்னரே கேட்டறிதல் வேண்டும். பதிவுப் புத்தகத்திலுள்ள பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா, வண்டியின் மேல் லீசிங் கடன் உண்டா என்பனவும் அவ்வாறே. கைப்பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாது, முதலாண்டுத் திருத்த வேலைக்கு ஒரு பங்கை ஒதுக்குவது அறிவுடைமை.

பாண்டிய மன்னருக்குப் பொன் இருந்தது. அடுத்த ஆண்டும் குதிரை வாங்க முடிந்தது. மாதச் சம்பளத்திலும் மீன்பாட்டிலும் வாழும் குடும்பத்துக்கு அவ்வசதி இல்லை. அது வாங்கும் வண்டி, பிள்ளையைப் பள்ளிக்கும் பாட்டியை வைத்தியசாலைக்கும் பல்லாண்டு சுமக்க வேண்டும். பாலம் இல்லாத நாளிலும், எண்ணெய் இல்லாத வாரத்திலும் கைவிடாது நிற்க வேண்டும். மன்னார் நகரிற் புதிய ஜீப் ஒன்று ஒலியெழுப்பி வரும்போது வீதி நடுவே நிற்கும் கழுதை மெல்லவே விலகுகின்றது. அவசரமின்றி விலகும் அப்பிராணி, அக்கரையில் எத்தனையோ ஊர்திகள் வந்து மறைந்த பின்னும் எஞ்சி நிற்பது.