கல்லகழி சூழ்ந்த கரவந்தபுரம்

திருநெல்வேலிக்கு வடமேற்கே, மானூர்ப் பக்கம் உள்ள உக்கிரன்கோட்டைதான் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் செப்பேடுகள் பேசும் கரவந்தபுரம். களக்குடி நாட்டைச் சேர்ந்த இவ்வூரில் அரண் எழுப்பியவன் பராந்தக நெடுஞ்சடையன் (சுமார் 765-815).

காரணம் மலைக்கு அப்பால் இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேற்கே வேணாடும் ஆய் நாடும். கிழக்கே பாண்டியனின் பொருநை (தாமிரபரணி)ச் சமவெளி. தெற்கே ஆரல்வாய்மொழியும் வடக்கே ஆரியங்காவும் படை கடக்கும் வாசல்கள். நெடுஞ்சடையன் விழிஞத்தை அழித்து வேணாட்டரசனை வென்றதை அவனது சீவரமங்கலச் செப்பேடு பாடுகிறது. மலைநாட்டு ஆய் அரசன் சடையன் கருநந்தன்மேல் அவன் படையெடுத்து அரிவியூர்க்கோட்டையை அழித்தபோது வீரர்கள் மாண்டதைக் கழுகுமலைக் கல்வெட்டு சொல்கிறது. ஒருமுறை வென்றால் முடிகிற பகையல்ல அது. சமவெளியில் நிலைப்படைத் தளம் ஒன்று கட்டாயமாயிற்று.

கோட்டையின் அமைப்பைச் சொல்வதும் அதே சீவரமங்கலச் செப்பேடுதான். அகன்ற கல்லகழி, அதன் உட்புறம், மேகங்கள் வந்து தங்குவதால் உச்சியில் ஈரம் உலராத நெடுமதில். மேகம் புலவனுடையது, கல்லகழியோ கட்டியவர்களுடையது என்று நம்பலாம். மண் அகழியின் கரை மழைக்குச் சரியும், கல் தாங்கும். ஐரோப்பியக் கோட்டைகள் பலவும் ஒரு பிரபுவின் வீடும் காவலுமாக இருந்தவை. கரவந்தபுரமோ அரசனின் படையூர். அதிகாரிகளும் அங்கேயே குடியிருந்தனர்.

அவர்களில் தலையாயது ஒரு வைத்தியர் குலக் குடும்பம். மூத்தவன் மாறங்காரி, மதுரகவி என்றும் பெயர் பெற்றவன், அரசனின் உத்தரமந்திரி, அதாவது தலைமை அமைச்சன். அரசன் அளித்த வேள்விக்குடி ஊர்க்கொடையை நிறைவேற்றிய ஆணத்தியும் (ஆணை நிறைவேற்றும் அதிகாரி) அவனே. மதுரை ஆனைமலையில் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை எடுத்தவன், குடமுழுக்கு நீர் தெளிக்கும் முன்பே இறந்துபோனான். தம்பி மாறன் எயினன் அந்தப் பதவிக்கு வந்து, முகமண்டபம் எழுப்பி, 770இல் குடமுழுக்கை நடத்தினான். அதே ஊர், அதே குலத்துச் சாத்தன் கணபதி மகாசாமந்தன் என்ற பட்டம் பெற்றவன். திருப்பரங்குன்றக் குடைவரைக் கோயிலில் 773இல் திருப்பணி செய்தான். அங்கே துர்க்கைக்கும் சேட்டைக்கும் (மூதேவி) கோயில் எடுத்தவள் அவன் மனைவி நக்கன் கொற்றி.

உக்கிரன்கோட்டையில் அந்த நெடுமதில் இன்று எழுந்து நிற்கவில்லை. கோட்டை ஊர்ப்பெயரில் தங்கியிருக்கிறது. அங்கு வாழ்ந்தவர்களின் பெயர்களை மதுரைக் குன்றுகளின் பாறைகளில்தான் படிக்க வேண்டும்.