ஒளிந்திருக்கும் ஹைட்ரஜன்

இன்னைக்கு எபிசோட் எனக்குக் கொஞ்சம் பர்சனல். கல்லூரி இரண்டாம் வருஷம், ஹாஸ்டல்ல ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கட்டுரை படிச்சேன். உலகமே தேடுற டார்க் மேட்டர், அதாவது கரும்பொருள், புதுசா ஒண்ணும் இல்ல. நம்ம தண்ணீர்ல இருக்கிற அதே ஹைட்ரஜன்தான், சுருங்கிப்போய் ஒளிஞ்சிருக்குன்னு அதில் எழுதியிருந்தது. மறுநாள் பரீட்சை. தூக்கம் போச்சு. அது உண்மையா இருக்கணும்னு ரொம்ப ஆசைப்பட்டேன்.

ஆசைக்குக் காரணம் இருந்தது. 1933-ல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி ஒரு கேலக்ஸிக் கூட்டத்தைப் பார்த்து, கண்ணுக்குத் தெரிகிற எடை இதைக் கட்டி வைக்கப் போதாது என்றார். 1970-ல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடாவின் ஓரத்தில் இருக்கும் வாயு எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுற்றுவதை அளந்தார்கள். எடை இருக்கு, ஆள் தெரியல. அப்போ தெரிஞ்ச ஆளையே சந்தேகப்படுறது இயல்புதானே?

ஆனா ஹைட்ரஜன் அவ்வளவு சுலபமா சுருங்காது. 1913-ல் நீல்ஸ் போர், அணுவுக்குள் எலக்ட்ரான் இஷ்டப்பட்ட இடத்தில் இருக்க முடியாது, படிக்கட்டு மாதிரி குறிப்பிட்ட நிலைகள்தான் என்றார். கடைசிப் படியில் இருக்கும் எலக்ட்ரானை வெளியே எடுக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் தேவை. ஏன் அதுக்குக் கீழே படி இல்ல? எலக்ட்ரானைச் சின்ன இடத்தில் அடைக்க அடைக்க அதன் இயக்க ஆற்றல் ஏறும். புரோட்டான் உள்ளே இழுக்குது, இந்த ஆற்றல் வெளியே தள்ளுது. ரெண்டும் சமமாகிற இடம்தான் கடைசிப் படி.

1991-ல் அமெரிக்காவில் மருத்துவம் படித்த ராண்டெல் மில்ஸ், கீழேயும் படிகள் இருக்கு என்றார். அரைப் படி, மூணுல ஒரு பங்கு படி, இப்படிப் போகும். அரைப் படியின் கணக்கு 54.4 எலக்ட்ரான் வோல்ட். அங்கே இறங்கும்போது ஏராளமான ஆற்றல் வரும், இறங்கிய அணு, அவர் வைத்த பெயர் 'ஹைட்ரினோ', ஒளி விடாது, அதுதான் கரும்பொருள். அவருடைய நிறுவனத்துக்கு ஒரு காலத்தில் பிளாக்லைட் பவர், பிறகு பிரில்லியன்ட் லைட் பவர் என்று பெயர். கோடிக்கணக்கான டாலர் முதலீடு வந்தது. முப்பது வருஷம் தாண்டியும் நம்ம வீட்டு மெயின் ஸ்விட்சுல மாட்டுற மாதிரி எதுவும் வரல.

2005-ல் ஆண்ட்ரியாஸ் ராத்கே மில்ஸின் சமன்பாடுகளையே எடுத்துப் போட்டுப் பார்த்தார். அவற்றுக்குள்ளேயே முரண்பாடு, ஹைட்ரினோவும் அதிலிருந்து வரவில்லை. அதே வருஷம் யான் நாட்ஸ் வேறு பக்கமிருந்து வந்தார்: வழக்கமான சார்பியல் சமன்பாட்டிலேயே நாம் தூக்கிப் போடும் ஒரு விடை இருக்கிறதே, அது ஹைட்ரினோவாக இருக்கலாமே என்றார். நார்மன் டாம்பே 2006-ல் கொடுத்த பதில் எனக்குப் பிடித்தது. அந்த விடையை நம்பினால், புரோட்டானின் இழுப்பைக் குறைக்கக் குறைக்க எலக்ட்ரான் இன்னும் இறுக்கமாக ஒட்டும். கயிறு மெலிய மெலிய முடிச்சு இறுகுற கதை. அதை இயற்பியல்னு எப்படிச் சொல்றது?

ஆனா என் ஆசையை முடிச்சு வச்சது இதெல்லாம் இல்ல, ஒரு கணக்குப் புத்தகம். பெருவெடிப்புக்குப் பின் முதல் சில நிமிடங்களில் டியூட்டீரியம், அதாவது கனமான ஹைட்ரஜன், உருவானது. சாதாரணப் பொருள் அதிகமா இருந்தா அது அதிகமா ஹீலியமா எரிஞ்சு, கொஞ்சம்தான் மிஞ்சும். பழைய வாயு மேகங்களில் அளந்தால் பத்து லட்சம் ஹைட்ரஜனுக்குச் சுமார் 25 இருக்கு. அதை வச்சுப் பின்னோக்கிப் போனா, மொத்த சாதாரணப் பொருள் பிரபஞ்சத்தில் சுமார் 5 சதவீதம்தான். கரும்பொருள் சுமார் 27. எண்ணிக்கை எடுத்தது அணுக்களே பிறக்காத நேரத்தில். பிறகு ஹைட்ரஜன் சுருங்கினாலும் ஒளிந்தாலும் அந்த 5-க்குள்தான் இருக்கணும்.

இருந்தாலும் 2018-ல் கதை திரும்பி வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் எட்ஜஸ் என்ற ஆன்டெனா, 78 மெகாஹெர்ட்ஸில், நம்ம எஃப்.எம். தொடங்குறதுக்குச் சற்றுக் கீழே, ஆதி ஹைட்ரஜனின் தடயம் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு ஆழமாகத் தெரிகிறது என்றது. அப்படியானால் அந்த வாயு நினைத்ததைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். யூஜின் ஓக்ஸ், இன்னொரு வகை ஹைட்ரஜன் இருந்தால் இதை விளக்கலாம், கரும்பொருளில் ஒரு பங்காவது அதுவாக இருக்கலாம் என்றார்.

சோதித்தது பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையம். அவர்களுடைய சராஸ் 3 ஆன்டெனாவை 2020 தொடக்கத்தில் மிதவையில் ஏற்றி, கர்நாடகாவில் தண்டிகானஹள்ளி ஏரியிலும் சராவதி நீர்த்தேக்கத்திலும் விட்டார்கள். தரையில் வைத்தால் அடியில் இருக்கும் மண், பாறை அடுக்குகள் சிக்னலைக் கெடுக்கும். தண்ணீர் ஒரே சீர். 2022-ல் முடிவு வந்தது: எட்ஜஸ் சொன்ன வடிவம் அங்கே இல்லை, 95.3 சதவீத உறுதியோடு.

மிச்சம் இருக்கும் அந்த நாலே முக்கால் சதவீதத்துக்காக இப்போ நிலாவைச் சுற்ற ஒரு கருவியை அதே நிலையம் திட்டமிடுது. பெயர் பிரதுஷ். நிலாவுக்குப் பின்பக்கம் நம்ம எஃப்.எம். ஸ்டேஷன் எதுவும் கேட்காது.