இரண்டு வளையக் குண்டு

வர்ஜீனியாவின் உழுத வயல்களில், நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு மெட்டல் டிடெக்டரோடு இறங்குகிறவர்களுக்கு அடிக்கடி அகப்படும் பொருள் ஒன்று உண்டு. சுண்ணாம்பில் புரட்டியெடுத்தது போல வெள்ளையாக, கட்டைவிரல் நுனியளவு இருக்கும். கல் என்று வீசப்போனால் கனம் காட்டிக்கொடுத்துவிடும். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஈயக் குண்டு அது. மேலே படிந்திருக்கும் வெள்ளை, ஈயக் கார்பனேட். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதைப் போன்ற அநியாயம் வேறில்லை.

பிரெஞ்சுப் படையதிகாரி மினியே 1849-ல் கொண்டுவந்த வடிவம் இது: கூம்பு முனை, அடியில் குழிவு. வெடிமருந்து வெடித்ததும் அடிப்பாகம் விரிந்து, குழலுக்குள் சுழன்றோடும் பள்ளங்களைக் கவ்விக்கொள்ளும். இடுப்பில் மூன்று வளையம் இருந்தால் பெரும்பாலும் வடக்குப் படையுடையது. வழவழப்பாக இருந்தால் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்த என்ஃபீல்டு துப்பாக்கிக்கான ரகம். 1857-ல் நம் சிப்பாய்களைக் கொதிக்கவைத்த கொழுப்புத் தோட்டாவும் என்ஃபீல்டுக்கானதுதான்.

இரண்டே வளையம், அடிவிளிம்பு மடங்கி நசுங்கியிருக்கிறதா? அது தெற்கின் கார்ட்னர் குண்டு. மருந்தைப் பொதிந்த தோட்டாக் காகிதத்தை அந்த விளிம்புக்குள் வைத்து இயந்திரம் அமுக்கிவிடும். காகிதத்தை நூலால் கட்டும் வேலை மிச்சம். தெற்குக்கு ஈயம் கொடுத்த முக்கியச் சுரங்கம் வர்ஜீனியாவின் வைத் மாவட்டத்தில் இருந்தது. தோட்டா தயாரித்த பெரிய கூடம் ரிச்மண்டில். அங்கே வேலைபார்த்தவர்களில் பலர் பெண்கள், சிறுமிகள். 1863 மார்ச் 13 அன்று அங்கே நடந்த வெடிவிபத்தில் 40-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். போர்க்களத்தையே பார்க்காத சாவுகள்.

தோட்டா அங்கிருந்து சிப்பாயின் இடுப்புப் பெட்டிக்குப் போகும். காகிதத்தைப் பல்லால் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டை நுழைத்துக் கம்பியால் இடிக்க வேண்டும். பதற்றத்தில் கைதவறினால் போனது போனதுதான்; குனிந்து தேட யாருக்கு நேரம்? அப்படி விழுந்ததன் முனை மழுங்காது, உடலில் பள்ளத்தின் தடம் இருக்காது. சுட்டதில் தடம் தெரியும், முனை பெரும்பாலும் சிதைந்திருக்கும். முனையில் திருகு துளைத்த ஓட்டை இருந்தால், அது அநேகமாக மருந்து நனைந்து வெடிக்காமல் போய், குழலிலிருந்து பிடுங்கியெடுத்த குண்டு.

பல் பதிந்த குண்டுகளும் கிடைக்கும். அறுவையின்போது வலி தாங்காமல் கடித்தது என்று கதைகட்டி விற்பார்கள். ஆனால் குளோரோஃபார்மும் ஈதரும் அன்றே புழக்கத்தில் இருந்தன. கடித்தவை அநேகமாக மேயவந்த பன்றிகள்.

சாதாரணக் குண்டு சில டாலருக்கே கிடைக்கும். கிடந்த இடத்தைக் குறிக்காமல் எடுத்ததற்கு அதுவே அதிகம். கைதவறியவை வரிசையாகக் கிடந்தால், படை நின்று சுட்ட இடம். சிதைந்தவை கிடந்தால், குறிவைத்த பக்கம். ஒவ்வொன்றாகப் பொறுக்கப் பொறுக்க அந்த வரிசை கலைந்துபோகும். தேசியப் பூங்காவாக உள்ள போர்க்களங்களில் தோண்டுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.