மங்களூருக்கு வந்த மடல்கள்

வணிகக் கடிதத்தில் நலம் விசாரிப்பது வெறும் அலங்காரமா, வணிகத்தின் உறுப்பா? மேலாண்மைப் பாடநூல்கள் ‘தனிப்பட்ட அணுகுமுறை’யை அண்மைக்காலக் கண்டுபிடிப்பைப் போல எழுதுகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஏடனிலிருந்து மங்களூருக்கு வந்த மடல்களை வாசித்தோர் அவ்வாறு எழுதத் தயங்குவர்.

அம்மடல்களைப் பெற்றவர் ஆபிரகாம் பென் யீஜூ; இன்றைய துனிசியாவின் மஹ்தியாவைச் சேர்ந்த யூத வணிகர். 1132 அளவில் தொடங்கி 1149 வரை பெரும்பாலும் மலபார்க் கரையில் வாழ்ந்து, வெண்கலப் பட்டறையும் நடத்தினார். அவர் தம்முடன் கொண்டுசென்ற தாள்கள் இறுதியில் பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடச் சேமிப்பறையை அடைந்தன. இறைவன் பெயர் பொறித்த தாளை அழிக்கலாகாது என்னும் வழக்கம் அவற்றைக் காத்தது. கோய்டைனும் ஃப்ரீட்மனும் அவற்றைப் பதிப்பித்தனர். அமிதவ் கோஷின் நூல் வழியே பொதுவாசகரும் அறிந்தனர்.

மொழி அரபு, எழுத்து ஹீப்ரு. முதலில் வாழ்த்தும் பிரிவின் ஏக்கமும். பின்னர் மிளகு, இரும்பு, பாக்கு ஆகியவற்றின் கணக்கு. இறுதியில் அன்பளிப்புப் பட்டியல். பொருட்படுத்தத் தகாதவை என்ற பணிவுரையோடு சர்க்கரை, உலர்திராட்சை, எழுதுதாள் முதலியன வந்தன. தாளைக் கவனியுங்கள். மலபாரில் தாள் கிடைப்பது அரிது என்பதையும், கணக்கெழுதுபவருக்கு அது எத்துணை இன்றியமையாதது என்பதையும் அனுப்பியவர் அறிந்திருந்தார். சடங்குக்காகக் கொடுப்பவர் இவ்வளவு நுட்பமாகத் தேரமாட்டார்.

அன்பு இருந்ததால் கண்டிப்பு குறைந்துவிடவில்லை. முன்பணம் பெற்றும் ஏலம் அனுப்பாத உள்ளூர் வணிகர் ஒருவரைப் பற்றி ஏடனின் யோசேப் பென் ஆபிரகாம் எழுதிய மடல் சுவையானது. வாக்குத் தவறுவோரை ஏடனில் வெளிப்படையாகக் கண்டிப்போம் என்று அவரை அச்சுறுத்துமாறு பென் யீஜூவைக் கேட்டுக்கொள்கிறார். ஏடனின் கண்டனம் மங்களூரில் செல்லுபடியாகுமா என்பது ஐயமே! எனினும், கடல் கடந்து கை நீட்டும் நீதிமன்றம் இல்லாத இடத்தில் நற்பெயரே பிணையாக நின்றது.

ஏடன் வணிகர் தலைவர் மத்மூனின் மடலொன்று இன்னும் வெளிப்படையானது. மங்களூரின் வணிகர் மூவருக்குத் தம் அன்பைத் தெரிவிக்கச் சொல்லிவிட்டு, கூட்டாகக் கப்பல் ஒன்றை அனுப்பலாமே என்ற முன்மொழிவையும் உடனே வைக்கிறார். அம்மூவரும் யூதர் அல்லர் என்பதே கருதப்படுகிறது. ஒருவரது பெயரில் ‘செட்டி’ என்ற ஒலி தெளிவாகக் கேட்கிறது. இங்குதான் கிரைஃப் முன்வைத்த விளக்கம் எனக்குப் போதாமல் படுகிறது. அவர் ஆராய்ந்த மக்ரிபி வணிகர் பதினோராம் நூற்றாண்டு மத்தியத்தரைக் கடலினர். ஒரே குழுவுக்குள் பரவும் நற்பெயரே அவர்களது ஒழுங்கைக் காத்தது என்றார். 2012இல் எட்வர்ட்ஸும் ஓகில்வியும் அதனை மறுத்து, அவ்வணிகர் சட்ட வழிகளையும் நாடினர் என்று வாதிட்டனர். மங்களூர் மடல்களில் சமயமும் மொழியும் வேறான மனிதர்களுக்கிடையே நம்பிக்கை கட்டப்படுகிறது. அவ்விடத்தில் நலம் விசாரிப்பதே கடன் உறவின் முதல் தவணை என்பது என் கருத்து.

பென் யீஜூவின் முகவராக ஏடன் சென்றுவந்த அடிமை பொம்மாவுக்கும் இம்மடல்களில் பெயர் சுட்டி வணக்கம் வருகிறது. சரக்கு அவர் கைவழியே சென்றது; ஏடனில் இருந்தோர் அதை நன்கறிவர். பென் யீஜூவோ, வந்த மடல்களின் வெற்றிடங்களிலேயே தம் கணக்குகளைக் குறித்துவைத்தார்.