டென்ஷனைக் குறைத்த கதை

எங்கள் மரக்காணத்தில் வயதானவர் யாரிடமாவது "லோ வோல்டேஜ்" என்று சொல்லிப் பாருங்கள், முகத்தைச் சுளிப்பார். அந்தக் காலத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் குண்டு பல்பு செம்பருத்திப் பூ மாதிரி சிவந்து நிற்கும். டியூப் லைட் கண் சிமிட்டுமே தவிர எரியாது. டி.வி. வாங்கியவர்கள் எல்லோரும் கூடவே ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கினோம். அப்படி வாழ்ந்த நான், எழுபது வயதுக்கு மேல், என் கணினிக்குள் வோல்டேஜை வேண்டுமென்றே குறைத்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

பேரன் எனக்கு ஒரு சின்னக் கணினி சேர்த்துக் கட்டிக் கொடுத்தான். உள்ளே இருப்பது 17 சென்டிமீட்டர் சதுரப் பலகை. மினி ஐடிஎக்ஸ் என்று பெயர். தைவானின் வியா நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த அளவு அது. மேசையில் இடம் அடைக்காது. ஆனால் சின்னப் பெட்டியில் சூடு வெளியேற வழி குறைவு. மதியம் ஆனால் ஃபேன் கூச்சல் போடும். உப்பளத்துக் காற்றை நாளெல்லாம் உள்ளே இழுக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை உறிஞ்சிக் கசியும். நம் வீட்டுச் சாளரக் கம்பிகள் துருப்பிடித்த கதைதான் கணினிக்குள்ளும் நடக்கும்.

"தாத்தா, பிராசஸருக்குப் போற வோல்டேஜைக் கொஞ்சம் குறைச்சிடலாம்" என்றான்.

"ஏண்டா, குறையக் கூடாதுன்னுதானே ஸ்டெபிலைசர் வாங்கினோம்?"

பிறகுதான் எனக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரெஞ்சில் மின்னழுத்தத்துக்கு "தான்சியோன்" என்று பெயர். இரத்த அழுத்தத்துக்கும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் எழுதினால் டென்ஷன்! பிரஷர் மாத்திரை விழுங்கும் எனக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது.

கணினியின் வரலாறே ஒரு வகையில் இந்த அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்த வரலாறுதான். 1971-இல் இன்டெல் வெளியிட்ட 4004 சில்லுக்கு 15 வோல்ட் தேவைப்பட்டது. 1974-இல் வந்த 8080-க்கு மூன்று விதமான வோல்டேஜ் கொடுக்க வேண்டும். 1976-இல் வந்த 8085-க்கு 5 வோல்ட் மட்டும் போதும். பெயரின் கடைசியில் இருக்கும் 5 அதைத்தான் குறிக்கிறது. 1993-இல் வந்த முதல் பென்டியமும் 5 வோல்ட்தான். "பென்டியத்தின் தந்தை" என்று பெயர் பெற்ற வினோத் தாம் நம் புனேயில் பிறந்தவர். மறு ஆண்டே அடுத்த பென்டியம் 3.3 வோல்ட்டுக்கு இறங்கியது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சில்லு தின்னும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஐந்தின் வர்க்கம் 25, 3.3-இன் வர்க்கம் 11-க்கும் குறைவு. அதாவது வேகம் மாறாமலே செலவு பாதிக்கும் கீழே போய்விடும்.

1974-இல் ஐ.பி.எம்.மின் ராபர்ட் டென்னார்டும் சகாக்களும் ஒரு விதியை எழுதினார்கள். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைத்தால், எத்தனை டிரான்சிஸ்டர்களை நெருக்கி வைத்தாலும் சூடு கூடாது என்பதே அது. முப்பது ஆண்டுகள் அந்த விதி ஓடியது. 1 வோல்ட்டை நெருங்கியபோது சிக்கல் வந்தது. அணைத்து வைத்த டிரான்சிஸ்டர்களிலும் மின்சாரம் கசியத் தொடங்கியது. 2004-இல் வந்த ஒரு பென்டியம் 4 வகை 100 வாட்டைத் தாண்டியது. அந்த ஆண்டே இன்டெல் அடுத்த வேகச் சில்லுத் திட்டத்தைக் கைவிட்டு, இரட்டை மையச் சில்லுகளின் பக்கம் திரும்பியது. என் ஃபேனின் கூச்சல் அங்கேதான் ஆரம்பம்.

நாம் குறைக்க இடம் எங்கே? பந்தியில் எல்லா இலைக்கும் பெருந்தீனிக்காரர் அளவிலேயே சாதம் போடுவது போல, கம்பெனி தன் சில்லுகளில் மிக பலவீனமானதையும் கணக்கில் வைத்தே வோல்டேஜை நிர்ணயிக்கிறது. நம்முடையது நல்ல சில்லாக இருந்தால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்.

நான் 0.025 வோல்ட் வீதம் இறக்கினேன். 0.1 வரை வந்தும் கணினி ஓடியது. கிளார்க் புத்தி, மிச்சம் பிடித்துவிட்டோம் என்று பூரித்துப் போனேன். அந்த வாரம் அப்பாவின் கடிதப் படங்களைப் பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து புதியதற்கு மாற்றினேன். திறந்து பார்த்தால் இரண்டு படங்களில் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அவற்றில் ஒன்றின் மூலக் கடிதம் 2011 டிசம்பரில் தானே புயலில் நனைந்து அழிந்துபோனது. பழைய டிஸ்கை அன்றே அழித்திருந்தால் அப்பாவின் கையெழுத்துக் கடிதம் ஒன்று உலகத்தில் இல்லாமலே போயிருக்கும். நல்லவேளை, சோம்பேறித்தனம் காப்பாற்றியது.

கணினி நின்றுபோனால் நமக்குத் தெரியும். நிற்காமல் தப்பாகக் கணக்குப் போட்டால் தெரியாது. 2019 டிசம்பரில் பர்மிங்ஹாம், கிராட்ஸ், லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைத்தான் காட்டினார்கள். இன்டெல் சில்லின் வோல்டேஜைக் குறிப்பிட்ட அளவு குறைத்தால் பெருக்கல் தவறுகிறது. அந்தத் தவறைக் கொண்டு ரகசியச் சாவிகளையே திருடலாம். "பிளண்டர்வோல்ட்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பிறகு பல கணினிகளில் வோல்டேஜைக் குறைக்கும் வசதியையே பூட்டிவிட்டார்கள்.

இப்போது 0.05 குறைவில் நிறுத்தியிருக்கிறேன். 1.30 இருந்த இடத்தில் 1.25. மின்செலவில் சுமார் 7 சதவீதம் மிச்சம். முழு வேலையில் 83 டிகிரி காட்டியது இப்போது 78. இரவு முழுக்கச் சோதனை ஓட விட்டுப் பார்த்தேன். எல்லாக் கடிதங்களையும் மறுபடி மாற்றி, ஒவ்வொன்றாகத் திறந்தும் பார்த்துவிட்டேன். செய்ய நினைப்பவர்கள் முதலில் வேறொரு டிஸ்கில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிறகு சிறிது சிறிதாக இறக்குங்கள்.

இதை எழுதும்போது ஃபேன் சத்தம் கேட்கவில்லை. போன வாரம் டாக்டர் என் மாத்திரையைத்தான் அரை கூட்டியிருக்கிறார்.