கணினி மாதிரிகளில் பொருட்பண்பு ஒதுக்கீடு: உள்ளகக் காட்சியாக்க வரலாற்றில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கணினிவழி வடிவமைக்கப்பட்ட ஒரே மாதிரியின் பல பகுதிகளுக்கு மரம், துணி, உலோகம், கண்ணாடி முதலான பொருட்பண்புகளைத் தனித்தனியே வழங்கும் முறை உருவான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. வடிவமும் பொருட்பண்பும் வெவ்வேறு தேவைகளுக்காகத் தனித்தனியே வளர்ந்தமையே கோப்புப் பரிமாற்றத்தில் நேரும் தகவலிழப்பின் அடிப்படை என்பது இதன் துணிபு.

திறவுச் சொற்கள்: கணினிவழி வடிவமைப்பு, பொருட்பண்பு, உள்ளகக் காட்சியாக்கம், முகப்பு, கோப்பு வடிவம்.

முன்னுரை

நாற்காலி ஒன்றின் கால்கள் மரத்தாலும், இருக்கை துணியாலும், இணைப்புகள் உலோகத்தாலும் அமையலாம். அளவும் பொருத்தமும் சரியாக இருப்பின் வடிவமைப்பாளரின் மாதிரி தன் பணியை நிறைவுசெய்துவிடும். அறையின் தோற்றத்தைப் படமாக்குபவருக்கோ, எந்த முகப்பு எதனால் ஆனது என்பதும் தெரிந்தாக வேண்டும். இவ்விரு தேவைகளுக்கும் இடையிலான இடைவெளி கணினி வரைகலையின் தொடக்கத்திலேயே தோன்றியதாகும்.

1. கோடும் மேற்பரப்பும்

1963-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், கோடுகளையும் வளைவுகளையுமே கையாண்டது. 1974-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வின் கேட்மல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில், வளைபரப்பின்மீது படத்தைப் போர்த்தும் முறையை விளக்கினார். 1978-இல் ஜேம்ஸ் பிளின், வடிவத்தை மாற்றாமலேயே மேற்பரப்பில் மேடுபள்ளத் தோற்றத்தை உண்டாக்கும் வழியைக் காட்டினார்.

1982-இல் வெளிவந்த ராபர்ட் குக், கென்னத் டாரன்ஸ் ஆகியோரின் கட்டுரை, பொருள்களை வேறுபடுத்துவதில் ஒரு திருப்பமாகும். பிளாஸ்டிக்கின் மிளிர்வு ஒளிமூலத்தின் நிறத்தைக் கொண்டிருக்க, உலோகத்தின் மிளிர்வோ அவ்வுலோகத்தின் நிறத்தை ஏற்கிறது. இவ்வேறுபாடு கணக்கீட்டில் இடம்பெற்ற பின்னரே செம்பு செம்பாகத் தோன்றியது.

2. அறையின் தனித்தன்மை

1984-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரேடியாசிட்டி முறையை அறிமுகப்படுத்தினர். மங்கலான பரப்புகள் ஒன்றன்மீது ஒன்று ஒளியைச் சிதறச் செய்வதை இம்முறை கணக்கிட்டது. செந்நிறச் சுவரின் சாயல் அருகிலுள்ள வெண்சுவரிலும் படிவதை இதனால் காட்ட முடிந்தது. எனவே மூடிய அறையில் ஒரு பரப்புக்குத் தவறான பொருட்பண்பு வழங்கப்படின், பிழை அப்பரப்போடு நிற்பதில்லை. சூழவுள்ள பரப்புகளையும் பாதிக்கிறது. உள்ளகக் காட்சியாக்கத்தில் ஒதுக்கீடு முதன்மை பெறுவது இதனாலேயே.

3. ஒதுக்கீட்டின் அலகு

1982-இல் வெளிவந்த ஆட்டோகேட், வரைபடத்தை அடுக்குகளாகப் பகுத்தது. பின்னர் அவ்வடுக்குகளுக்கே பொருட்பண்பை வழங்கும் வசதியும் அதில் அமைந்தது. அடுக்கே அலகாகும்போது, பல பொருள்களாலான நாற்காலியைப் பல துண்டுகளாகப் பிரித்தல் தேவையாயிற்று.

பல்கோண மாதிரிகளில் முகப்பே அலகாயிற்று. வேவ்ஃபிரண்ட் நிறுவனத்தின் ஓபிஜே வடிவம், முகப்புத் தொகுதியின் முன் பொருட்பண்பின் பெயரை மட்டும் குறித்து, அதன் இயல்புகளைத் துணைக்கோப்பில் வைத்தது. துணைக்கோப்பு விடுபட்டால் பெயர் மட்டுமே எஞ்சும். 3டிஎஸ் மேக்ஸ் மென்பொருளோ ஒவ்வொரு முகப்புக்கும் ஓர் எண்ணை அளித்து, அவ்வெண்களைப் பொருட்பண்புப் பட்டியலோடு இணைத்தது. பட்டியலை மாற்றினால் அதே நாற்காலி வேறு துணியும் வேறு மரமும் பெறும்.

இதற்கு மாறாக, முப்பரிமாண அச்சாக்கத்திற்காக 1987-இல் உருவான எஸ்டிஎல் வடிவம் முக்கோணங்களை மட்டுமே பதிவுசெய்தது. அவ்வழியே மாற்றப்பட்ட மாதிரியில் மரத்திற்கும் துணிக்கும் இடையிலான எல்லையே மறைந்துவிடுகிறது. முகப்புகளை மீண்டும் கையால் தெரிவுசெய்ய நேர்கிறது.

4. பொதுமொழியை நோக்கி

2012-இல் டிஸ்னி நிறுவனத்தின் பிரென்ட் பர்லி, உலோகத்தன்மை, சொரசொரப்பு போன்ற எளிதில் உணரத்தக்க சில அளவுகளால் பெரும்பாலான பொருள்களை விவரிக்கும் முறையை முன்வைத்தார். 2017-இல் குரோனோஸ் குழுமம் வெளியிட்ட ஜிஎல்டிஎஃப் 2.0 வடிவம் அவ்விரு அளவுகளையும் தரப்படுத்தியது. அதில் ஒரு மாதிரி பல உறுப்புகளாகப் பிரிந்து, உறுப்புக்கு ஒரு பொருட்பண்பைப் பெறுகிறது. வடிவமும் பொருட்பண்பும் ஒரே கோப்பில் பயணிக்கும் வாய்ப்பு இதனால் விரிவடைந்தது.

முடிவுரை

அடுக்கு, முகப்பு, உறுப்பு என ஒதுக்கீட்டின் அலகு காலந்தோறும் மாறிவந்துள்ளது. ஆயினும், எப்பகுதி எதனால் ஆனது என்னும் அறிவு முதலில் வடிவமைப்பாளரிடமே உள்ளது. அவ்வறிவு வடிவமைக்கும் நிலையிலேயே பதிவாகாவிடில், எத்துணைச் செம்மையான கோப்பு வடிவமும் அதனைக் காத்தல் இயலாது என்பதே இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவாகும்.