கண்ணாடிப் பேழையும் பெரணி வளர்ப்பும்
பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வரலாறு குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

மலருக்காகவும் மணத்துக்காகவும் கனிக்காகவும் செடிகளை மனையில் வைத்து வளர்த்தல் எந்நாட்டிலும் காணப்படும் வழக்கம். பூவாது, காயாது, விதையும் தாராது நிற்கும் ஒரு செடியினத்தை அதன் தழையழகு ஒன்றன் பொருட்டே வீட்டின் நடுவே வைத்துப் போற்றியமை பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிகழ்ந்தது. அச்செடியினமே பெரணி. நாம் பெரணி என்று வழங்குவதனை ஈழத்து அறிவியல் நூலோர் பன்னம் என்பர்.

இவ்வரலாற்றை எழுதினோர் பலரும், பெரணிகள் காடுகளில் அருகியமைக்கு வீட்டு வளர்ப்பே காரணம் என்னும் கருத்தினர். அஃது ஓரளவே பொருந்தும் என்பது நம் துணிபு. வளர்ப்பு அழிவுக்குக் காரணம் அன்று. வளர்க்கும் முறையை அறிய முயலாது உடைமையாக்க விழைந்த வேட்கையே காரணம். இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பெரணியின் இயல்பு

பெரணியைப் பேணும் முறையை அறிதற்கு அதன் பிறப்பை அறிதல் வேண்டும். இலையின் அடிப்புறத்தில் வரிவரியாகவோ புள்ளிபுள்ளியாகவோ தோன்றும் பழுப்பு நிறத் தடிப்புகளில் ஸ்போர் என்னும் நுண்தூள் உண்டாகின்றது. அதனை ஈர மண்ணில் இட்டுப் பெரணி வளர்க்கலாம் என்பதனை ஜமைக்காவில் வாழ்ந்த ஜான் லிண்ட்சே என்னும் அறுவை மருத்துவர் கண்டார். அவர் கட்டுரை 1794ஆம் ஆண்டில் லண்டன் லின்னேயக் கழகத்தின் வெளியீட்டில் வந்தது.

ஆயினும் தூளிலிருந்து நேரே பெரணி தோன்றுவதில்லை. முதலில் நகத்தளவினும் சிறிய பச்சைத் தகடு ஒன்று தோன்றும். அத்தகட்டில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் அமையும். ஆண் அணு நீரில் நீந்திச் சென்று பெண் அணுவை அடைந்த பின்னரே நாம் பெரணி எனக் காணும் செடி பிறக்கும். நேகெலி 1844இலும், லெஷ்சிக் சுமின்ஸ்கி 1848இலும், ஹோஃப்மைஸ்டர் 1851இலும் செய்த ஆய்வுகளால் இவ்வுண்மை படிப்படியே தெளிவாயிற்று. ஆகவே ஈரமின்றிப் பெரணிக்குப் பிறப்பில்லை. பெரும்பாலான பெரணிகளுக்கு வறண்ட காற்றில் வாழ்வும் அரிதாம்.

அந்நாளைய லண்டன் மாநகரத்து வீடோ இவ்வியல்புக்கு முற்றிலும் மாறானது. வெளியே நிலக்கரிப் புகை. உள்ளே கணப்பு அடுப்பின் வெப்பத்தால் வறண்ட காற்று. இரவிலே எரிவாயு விளக்கின் நச்சாவி. இத்தகைய இடத்தில் பெரணி எங்ஙனம் தழைத்தது என்னும் வினாவிற்கு விடை ஒரு குப்பியில் கிடைத்தது.

பேழையின் தோற்றம்

நத்தேனியல் பாக்‌ஷா வார்டு (1791-1868) லண்டன் கிழக்குப் பகுதியில் வெல்குளோஸ் சதுக்கத்தில் வாழ்ந்த மருத்துவர். தம் மனையின் பின்புறத்தே கற்களை அடுக்கி அவர் பெரணிகளை நட்டார். சூழ்ந்திருந்த தொழிற்சாலைகளின் புகையால் அவை மடிந்தன. 1829ஆம் ஆண்டில் பருந்தந்துப்பூச்சி ஒன்றன் கூட்டுப்புழு வளர்ந்து வெளிவருதலைக் காண விரும்பி, வாயகன்ற கண்ணாடிக் குப்பியில் ஈர மண்ணை இட்டு, அதனுள் புழுவைப் புதைத்து மூடி வைத்தார். பகல் வெப்பத்தில் மண்ணின் ஈரம் ஆவியாகி எழுந்து, கண்ணாடியின் உட்புறத்தே துளித்து, மீண்டும் மண்ணையே அடைதலை அவர் நோக்கினார். சில நாள் கழித்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் அம்மண்ணில் தாமே முளைத்தன. வடக்கு நோக்கிய சாளரத்தின் வெளியே வைக்கப்பட்ட அக்குப்பியில் அவை ஏறத்தாழ 4 ஆண்டுகள் வாழ்ந்தன. வார்டு வீட்டில் இல்லாத காலத்து மூடி துருப்பிடித்து மழைநீர் உட்புகவே அவை அழிந்தன.

இந்நிகழ்ச்சியை அவர் முறையான ஆய்வாக வளர்த்தார். 1833இல் பெரணி முதலியன நிரம்பிய இரு பேழைகள் சிட்னி நகருக்குக் கப்பலில் அனுப்பப்பட்டுச் செடிகள் உயிரோடு கரை சேர்ந்தன. 1834இல் அப்பேழைகளே ஆஸ்திரேலியச் செடிகளை ஏற்றுக்கொண்டு திரும்பின. தென்முனைக் கடலின் பனியையும் வெப்பமண்டலத்தின் வெயிலையும் கடந்து, ஏறத்தாழ 8 திங்கள் சென்றபின் லண்டனை அடைந்த செடிகள் பசுமையோடு இருந்தன. சீனத்திலிருந்து கப்பலேறும் செடிகளில் ஆயிரத்தில் ஒன்றே பிழைப்பதாக ஜான் லிவிங்ஸ்டன் 1819இல் கணக்கிட்டிருந்தார் என்பதனை நோக்கின், இதன் அருமை விளங்கும். 1842இல் வார்டு தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார்.

பேணும் முறை

பேழையின் அடியில் உடைந்த செங்கல் அல்லது சிறு கல்லை இடுதல் வேண்டும். தேங்கும் நீர் வேரை அழுகச் செய்யுமாதலின் அது வடிதற்கு இடம் வேண்டும். அதன்மேல் மக்கிய இலைமண்ணும் மணலும் கலந்த மண் இடப்படும். நட்டபின் மண் முழுதும் நனைய நீர் வார்த்து, மிகுநீர் வடிந்த பின்னரே பேழையை மூடுதல் முறை. வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் ஆகாது. அழுகும் இலைகளை அவ்வப்போது களைதல் வேண்டும்.

பேழை காற்றே புகாதது என்னும் தவறான எண்ணம் அந்நாளிலேயே பரவியிருந்தது. வார்டு அதனை மறுத்தார். நெருக்கமாக மூடிய கண்ணாடியின் இடைவெளிகளூடே காற்று மெல்ல மாறிக்கொண்டே இருக்கும் என்பதும், புகைத்துகள் புகாமையும் ஈரம் போகாமையுமே பேழையின் பயன் என்பதும் அவர் கருத்து. இம்முறையில் நாள்தோறும் நீர் வார்த்தல் இல்லை. செடியின் வாழிடத்தை அறிந்து அதனை அமைத்துக் கொடுத்தபின், கை வையாதிருத்தலே பேணுதலாகும்.

கில்லார்னிப் பெரணி இதற்குத் தக்க சான்று. அயர்லாந்தில் அருவியோரத்து நிழலில் வாழும் இதன் இலை, நரம்பொழிந்த இடங்களில், ஓர் அணுவின் கனமே உடையது; வறண்ட காற்றில் விரைந்து சுருங்கும். ஹாக்னியில் புகழ்பெற்ற செடிப்பண்ணை வைத்திருந்த லாடிஜஸ் குடும்பத்தார்க்கும் வசப்படாத இதனை வார்டு பேழையில் தழைக்கச் செய்தார். அதனைக் கண்ட ருசிய நாட்டுத் தாவர அறிஞர் ஃபிஷர், தம் தொப்பியைக் கழற்றிச் செடிக்குத் தலைவணங்கினார் என்பர்.

வேட்கையின் விளைவு

1845இல் கண்ணாடி மீதிருந்த வரி நீக்கப்பட்டது. பேழையின் விலை குறைந்தது. எட்வர்டு நியூமன் 1840இல் எழுதிய பிரித்தானியப் பெரணி வரலாறும், தாமஸ் மூர் எழுதி 1855இல் வெளிவந்த நூலும் பெரணிகளை இனம் பிரித்தறியக் கற்பித்தன. மூரின் நூலில் இலையையே ஈயத் தகட்டில் அழுத்திப் பதிவெடுக்கும் முறையில் ஹென்றி பிராட்பரி படங்களை அச்சிட்டார். இருப்புப்பாதை நகரத்தாரைக் காட்டின் வாயிலுக்கே கொண்டு சென்றது. பெரணி உருவம் மட்கலத்திலும் துணியிலும் இரும்பு இருக்கையிலும் ஏறியது. மகளிரையும் பற்றிய இவ்வேட்கைக்குச் சார்லஸ் கிங்ஸ்லி 1855இல் டெரிடோமேனியா, அஃதாவது பெரணிப்பித்து, என்று பெயரிட்டார். வீண்பேச்சினும் புதினத்தினும் இது நன்று என்றே அவர் கருதினார்.

அவர் கண்டது வேட்கையின் ஒரு முகம். மறுமுகம் மலைச்சரிவுகளில் வெளிப்பட்டது. அரிய பெரணி எங்குளது என்று நூல்கள் எழுதின. அவ்விடங்களில் செடிகள் வேரோடு அகழப்பட்டன. வணிகர் கூடைகூடையாகப் பறித்து நகரில் விற்றனர். கில்லார்னிப் பெரணி அருகியது. ஸ்காட்லாந்தின் மொஃபட் மலைகளில் நீள்வடிவ உட்சியா என்னும் சிறு பெரணி பெரிதும் அழிந்தது.

இவ்வழிவுக்குப் பேழையே காரணமெனின், பேழையில் செடி நெடுநாள் வாழ்தலின் மீண்டும் மீண்டும் பறிக்கும் தேவை எழுந்திராது. தூளிலிருந்து வளர்க்கும் வழியோ 1794 முதல் அச்சிலே இருந்தது. ஆயின் தூளிலிருந்து வளர்த்தற்குத் திங்கள் பல பொறுத்தல் வேண்டும். காட்டுச் செடியோ சில காசுக்குக் கிடைத்தது. மடிந்ததற்கு ஈடாக மற்றொன்று எளிதில் கிட்டும் நிலையில், பேணும் முறையைக் கற்றற்கு உந்துதல் இல்லை. மேலும், வளர்ப்பதற்கன்றித் தொகுத்து வைப்பதற்கே, இயல்பின் மாறிய வடிவங்களைத் தேடி அலைந்தோரும் பலர். டேவிட் எலிஸ்டன் ஆலன் 1969இல் வெளியிட்ட நூல் இவ்வேட்கையின் வரலாற்றை விரித்துரைக்கும்.

தமிழகத் தொடர்பு

இப்பேழையின் வரலாறு நீலகிரியையும் தொட்டது. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் சின்கோனாவை இந்தியாவில் பயிரிடும் பொருட்டு, கிளெமெண்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து 1860இல் பேழைகளில் கொணர்ந்த செடிகள் நெடும்பயணத்தின் வெப்பத்தால் நலிந்து மடிந்தன. 1861இல் ராபர்ட் கிராஸ் கொணர்ந்த செம்பட்டைச் சின்கோனாக் கன்றுகள் உதகமண்டலத்தில் உயிரோடு சேர்ந்தன. ஆங்கு அவற்றைப் பெருக்கியவர் மக்கைவர். பேழை ஒன்றே போதாது, அறிந்து பேணுதலும் வேண்டும் என்பதற்கு இவ்விரு பயணங்களும் சான்று. அக்காலத்தே சென்னை மாகாண வனத்துறையிலிருந்த பெட்டோம், தென்னிந்தியப் பெரணிகளை வரைந்து விளக்கிய நூலை 1863 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார்.

முடிவுரை

நூற்றாண்டு முடிவில் பித்துத் தணிந்தது. 1890களில் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட பாஸ்டன் பெரணி, பேழையின்றியும் அறைக்காற்றை ஒருவாறு தாங்கி வீடுகளில் இடம் பெற்றது. பிரித்தானியாவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் கில்லார்னிப் பெரணியையும் நீள்வடிவ உட்சியாவையும் காத்தது. 1981ஆம் ஆண்டுச் சட்டம் நிலவுரிமையாளர் இசைவின்றி எக்காட்டுச் செடியையும் அகழ்தலைத் தடுத்தது.

பின்னிகழ்ந்தவை இரண்டு நம் கருத்தை வலியுறுத்தும். 1990களின் இறுதியில் எடின்பரோ அரச தாவரத் தோட்டத்தார், ஸ்போரிலிருந்து வளர்த்த உட்சியாக் கன்றுகளை ஸ்காட்லாந்தின் மலைகளில் மீண்டும் நட்டனர். லிண்ட்சேயின் பொறுமையான வழி, வேட்கை அழித்ததனை மீட்கப் பயன்பட்டது. மற்றொன்று: கில்லார்னிப் பெரணியின் முதற்பருவம், இலையுடைய செடியாக வளராமலே, பச்சைக் கம்பளி இழைபோலப் பாறைப் பிளவுகளின் இருளில் பிரித்தானியாவின் பல இடங்களில் வாழ்ந்து வருதலை 1989 முதல் ஆய்வாளர் கண்டனர். இலையழகை நாடியவர் கண்ணுக்கு அது தென்படவில்லை; அதனால் அது பிழைத்தது.

ஆகவே வீட்டுப் பெரணி வளர்ப்பின் வரலாறு, அன்பே அழித்தது என்னும் எளிய முடிவுக்கு இடந்தராது. அறிவோடு கூடிய அன்பு ஒரு குப்பிக்குள் காட்டின் காற்றையே படைத்தது. அறிய விரும்பாத அன்போ காட்டையே வெறுமையாக்கியது.